கடலுக்கு ஒரு நாற்காலி

போன வாரம் வசந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்த பெண். "மேடம், இனிமே கூட்டத்துக்கு ஸ்டெனோவே வேண்டாமாம். போனை மேசைல வச்சா அதுவே தமிழ்ல அடிச்சுக் குடுத்துடுது. நீங்க பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்களேன், நம்ம சங்க மலர்ல போடலாம்" என்றாள். அவள் அதை வருத்தமாகச் சொன்னாளா சந்தோஷமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. எனக்கு வருத்தம் இல்லை. ஊரார் பேசியதையெல்லாம் எழுதி எழுதி என் விரல்கள் ஓய்ந்து பல காலம் ஆகிறது. இனி போன் எழுதட்டும். யார் பேசினார்கள் என்று அதற்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். "அது தெரியாது மேடம். பேச்சாளர் ஒண்ணு, பேச்சாளர் ரெண்டுன்னு போடுது" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுருக்கெழுத்துக் கற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலேயே, மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு தட்டச்சு நிலையம் இருந்தது. கல்லூரியில் இடம் கிடைக்காத பெண்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். தமிழ்ச் சுருக்கெழுத்தில் தேறினேன், தேர்வு எழுதினேன், அரசு வேலை கிடைத்தது. இரண்டு மூன்று துறைகளில் சுற்றிவிட்டுக் கடைசியில் சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றில் வந்து விழுந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே என் வேலை கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போவது. ஓர் இடத்தில் தொழிற்சாலையோ துறைமுகமோ வருவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, வரலாமா கூடாதா, உங்களுக்கு என்ன குறை என்று கேட்க வேண்டும் என்பது விதி. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி, நாலு போலீஸ்காரர்கள். மேடையில் அதிகாரிகள். மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு சின்ன மேசை. அதுதான் என் இடம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு வரிசையாக மைக்குக்கு வருவார்கள். அவர்கள் பேசப் பேச நான் குறிப்பெடுக்க வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன்னால் அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துக் காட்ட வேண்டும். 'நான் அப்படிச் சொல்லலையே' என்று யாராவது எழுந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இதுவும் விதிதான். ஆனால் பல இடங்களில் இதை நைசாக விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

ராஜமாணிக்கம் சார் அப்படி விடுகிறவர் இல்லை. அவர் இந்தக் கூட்டங்களுக்குத் தலைமை வகிக்க வந்த வருவாய்த் துறை அதிகாரி. ஒல்லியான மனிதர், கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். மேடையில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதிகாரி மணி பார்த்தால் பேசுகிறவனுக்குப் பேச்சு வராது என்பார். குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தவரிடமும் "சொல்லுங்க" என்பார். ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் இருமினால், "முடிக்கட்டும்" என்று ஒரே ஒரு சொல்தான் வரும். எல்லோரும் பேசி முடித்த பிறகு எழுந்து நின்று "வேற யாராவது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மறுபடியும் கேட்பார். மூன்றாவது தடவை கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்பார். அந்த மூன்றாவது தடவைக்குத்தான் பெண்கள் எழுந்திருப்பார்கள். எனக்குப் பசி உயிர் போகும். மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

அவருக்கு ஜனங்கள் மேல் பெரிய பாசம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வண்டியில் திரும்பி வரும்போது எரிந்து விழுவார். "கஸ்தூரி, இவங்க சொல்றதுல பாதி தப்பு. ஆனா தப்பா சொல்றதுக்கும் ஒரு இடம் வேணும்ல? இங்க விடலன்னா வீட்டுக்குப் போய்ச் சொல்லுவாங்க. அது நமக்குக் கேக்காது" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வீடு வரை தூங்குவார்.

கருணாகரனை நான் முதலில் பார்த்தது ராஜமாணிக்கம் சார் தலைமை வகித்த ஒரு கூட்டத்தில்தான். நகரத்துக்கு வடக்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையைப் பெரிதாக்க இருந்தார்கள். அன்று வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாசலில் பெயர் கூடக் கொடுக்காமல் ஒருவர் பின் ஒருவராக மைக்குக்கு வந்து, "பொதுமக்கள் சார்பாக இத்திட்டத்தை வரவேற்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் வாசித்துக் காட்டியபோது பின்னாலிருந்து, "நிறுத்துங்க மேடம்" என்று ஒரு குரல் கேட்டது.

ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர், அடையாற்றில் வீடு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நேராக மேடையைப் பார்த்துச் சொன்னார்: "பொதுமக்கள்னு ஒரு ஆள் கிடையாது சார். பேரு போடுங்க, ஊரு போடுங்க. யார் பேசினாங்களோ அவங்க பேசினதா மட்டும் எழுதச் சொல்லுங்க. அடுத்தவங்க வாயால பேசறதுக்கு யாருக்கும் உரிமை இல்ல."

போலீஸ்காரர் ஒருவர் அவர் தோளில் கை வைத்தார். ராஜமாணிக்கம் சார் கையைக் காட்டித் தடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவர் சொல்றது சரி. கஸ்தூரி, ஒவ்வொண்ணா பேரு கேட்டுத் திருத்து" என்றார். நான் கேட்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் மெல்ல நழுவி வேனில் போய் ஏறிக்கொண்டார்கள். மீதி இருந்தவர்கள் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து ராஜமாணிக்கம் சார் கூட்டங்களில் 'சார்பாக' என்ற சொல் கிடையாது. அந்த விரிவாக்கமும் நின்றுபோயிற்று.

எனக்குக் கருணாகரனை மிகவும் பிடித்துப்போயிற்று. சுற்றுச்சூழல் என்று பேசினாலே ஏதோ வெளிநாட்டுக் கைக்கூலி என்று சொல்லும் ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் உண்டு. அவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஆட்கள் வந்து கத்தியிருக்காவிட்டால் எத்தனையோ ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மேற்கொண்டு நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைக் கம்பெனி ஆள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது பிலோமினா. பட்டினப்பாக்கத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் மணலில் பலகை போட்டு மீன் விற்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் அவளிடம்தான் மீன் வாங்குவேன். "தெருவுலேயே வண்டியில வருதே, அதுல இல்லாத மீனா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவள் கடை என்றால் ஒரு பலகை, ஒரு கத்தி, கம்பி ஒடிந்த ஒரு பெரிய குடை. புருஷனுக்கு முதுகு போய்விட்டதால் கடலுக்குப் போவதில்லை. காலையில் உட்கார்ந்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "குட்ச்சா எங்க போறது ஸ்டெனோம்மா? சுத்தி ரோடு, ஜனம். அதுக்கோசரம்தான் குடிக்கறதில்ல. நீர்க்கடுப்பு வந்து போன மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன்" என்றாள்.

அந்தப் பெண்களுக்காக ஒரு விற்பனைக் கூடம் கட்டுவதாக அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்தது. கூரை, குழாய், ஐஸ் பெட்டி, கழிப்பறை. பிலோமினாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். கடற்கரை ஓரத்துத் திட்டம் என்பதால் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எதிர்ப்பு என்னவென்றால், அந்த மணலில் ஆமைகள் முட்டையிட வரும். கூடத்தில் விளக்குப் போட்டால் பொரித்து வரும் குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வெளிச்சத்தை நோக்கிப் போய்ச் சாகும். அது உண்மைதான். பிலோமினாவும் அதை மறுக்கவில்லை. மீனைச் சுத்தம் செய்துகொண்டே என்னிடம் ஒத்திகை பார்த்தாள். "ஆமை வர்ற மாசத்துல பொழுது சாஞ்சா லைட்டே போட மாட்டோம்னு சொல்லப்போறேன். நாங்க இன்னா ராத்திரிலயா மீனு விக்கறோம்? எங்கள்ல ரெண்டு பேரு காவலுக்கும் நிக்கறோம். சரியாம்மா?" சரியாகத்தான் பட்டது. ஆனால் எழுதுகிறவள் சரி தப்பு சொல்லக் கூடாது என்பதால், "மைக்குல மெதுவாப் பேசு" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் ராஜமாணிக்கம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த அதிகாரி நல்ல பையன்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பார். கருணாகரனும் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று முழு நேரமும் கடற்கரை வேலையாகவே இருந்தார். அவரைச் சுற்றி ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்திருந்தது. கருப்புச் சட்டையும் பறையுமாக அவர்கள் மண்டபத்துக்குள் வந்து மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். பிலோமினா பெயரைக் கூப்பிட்டதும் பறையை அடிக்க ஆரம்பித்தார்கள். "போலிக் கூட்டம்! போலிக் கூட்டம்!" என்று கோஷம். அவள் சாயம் போகாத புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நிறுத்துவார்கள் என்று கொஞ்சம் பார்த்தாள். அவர்கள் நிறுத்தவில்லை, அவளும் விடவில்லை. ஒத்திகை பார்த்த அவ்வளவையும் பேசினாள். உதடு அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. மேடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள். அதிகாரி மணி பார்த்தார், கூட்டம் முடிந்தது என்றார்.

வெளியே என்னிடம் ஓடி வந்தாள். "அல்லாத்தயும் எழுதிக்கினியாம்மா?"

"ஒண்ணுமே கேக்கலையே பிலோமினா."

"நா முழுசா சொன்னேனே!" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'பேசினார், கூச்சலால் கேட்கவில்லை' என்று அவள் பெயருக்கு நேராக எழுதியிருந்தேன். அவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது.

கருணாகரன் வாசலில் நின்று இளைஞர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "கூட்டத்தை நிறுத்திட்டோம் மேடம்."

"அந்தம்மா பேசினது யாருக்கும் கேக்கல சார்" என்றேன்.

"இந்தக் கூட்டமே ஒரு நாடகம்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? மேல எப்பவோ முடிவெடுத்துட்டுதான் இங்க வராங்க. நாடகத்துல யாரு வசனம் கேட்டா என்ன, கேக்கலன்னா என்ன?"

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நானே எத்தனையோ நாடகங்களுக்குக் குறிப்பெடுத்தவள். ஆனால் பிலோமினாவுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மைக் அதுதான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் பஸ் வந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கூடத் திட்டம் இன்னும் முடிவாகாமல் கிடந்தபோது, ஒருநாள் கருணாகரனே போன் செய்தார். அரசாங்கக் கூட்டங்கள் வேண்டாம், நாங்களே ஓர் உண்மையான மக்கள் மன்றம் நடத்தப்போகிறோம் என்றார். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லா இடத்திலிருந்தும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். குப்பத்திலிருந்து பிலோமினாவையும் கூப்பிட்டிருந்தார்கள். "பறை அடிச்சது தப்புன்னு எனக்கே பின்னாடி தோணிச்சு மேடம். இந்தத் தடவை அந்தம்மா பேசட்டும். நீங்கதான் எழுதணும். நீங்க எழுதினா யாரும் மறுக்க மாட்டாங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின் தெருவில் ஒரு மாடி மண்டபம். சுண்டல் கொடுத்தார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் ஒரு நாற்காலிக்கு மட்டும் நீலப் பட்டுத் துணி போர்த்தி, அதன் மேல் ஒரு சங்கு வைத்திருந்தார்கள். அது கடலுக்காம். நித்யா என்ற பெண் கூட்டத்தை நடத்தினாள். கருணாகரனிடம் படித்த பெண், நல்ல மாதிரி. முறைகளை நிதானமாக விளக்கினாள். இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு என்றால் ஜெயித்தவர், தோற்றவர் என்று ஆகிவிடும். ஒரு தீர்மானம் பிடித்தால் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். அறவே பிடிக்காவிட்டால் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைக்க வேண்டும். ஒரே ஒருவர் கையைக் குறுக்கே வைத்தாலும் தீர்மானம் நின்றுவிடும், அதற்குத் தடுப்பு என்று பெயர். அவர் மாற்று யோசனை சொல்ல வேண்டும், எல்லோரும் கேட்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ராஜமாணிக்கம் சார் இருந்தால் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாபாரத்தை முடித்துவிட்டு வந்ததால் பிலோமினாவுக்குத் தாமதமாகிவிட்டது. கூடையை வாசலில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தாள். எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஒன்று மட்டும் காலியாக இருந்தது. சங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டாள்.

மண்டபமே அவளைப் பார்த்தது. நித்யா பக்கத்தில் போய்க் குனிந்து, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. அது கடலோட சீட்டு" என்றாள்.

பிலோமினா எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். "கடலா? வந்துக்கீதா?"

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவள் சங்கைத் திரும்ப வைத்துவிட்டு, துணியைக் கையால் நீவிவிட்டாள். கீழேயிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே.

தீர்மானத்தைக் கருணாகரன் வாசித்தார். மணலில் எந்தக் கட்டடமும் எந்தக் காலத்திலும் கூடாது. கடற்கரையைப் பற்றிய முடிவுகளை இனிமேல் கருத்துக் கேட்புக்கோ வார்டு கூட்டத்துக்கோ தேர்தலில் ஜெயித்தவர்களுக்கோ விடக் கூடாது. நெருக்கடி தீரும் வரை அறிஞர் குழு ஒன்றின் கையில் கொடுக்க வேண்டும். குழு கூடாது என்றால் கூடாதுதான், அதற்கு மேல் முறையீடு இல்லை. நெருக்கடி எப்போது தீரும் என்பதையும் அந்தக் குழுவே சொல்லும். குரல் நடுங்க வாசித்தார். அவர் பயம் வேஷம் இல்லை. இறந்து ஒதுங்கிய ஆமைகளை விடியற்காலையில் தன் கையால் தூக்கிப் புதைத்தவர் அவர்.

விரல்கள் ஆடின. பிலோமினா இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்தாள்.

"அக்கா, புரிஞ்சுதான் வச்சிருக்கீங்களா?" என்று நித்யா கேட்டாள்.

"நீதானம்மா சொன்ன, புடிக்கலைன்னா வைன்னு."

"சரி, உங்க யோசனையைச் சொல்லுங்க அக்கா."

அன்றைக்குப் பறைச் சத்தத்தில் போனதையெல்லாம் பிலோமினா மறுபடி சொன்னாள். இந்தத் தடவை எல்லாமே என் காதில் விழுந்தது. "கூரை கூட வோணாம், கக்கூஸ் வோணும். ஆமை வர்ற மாசத்துல லைட்டு அணைச்சிட்றோம். எங்க பொம்பளைங்க காவலுக்கு நிக்கறோம். அறிஞர் குழுன்னு சொல்றியே சார், அதுல மணல்ல குந்திக்கினு கீறவ யாருனா கீறாளா? நாளைக்கு அவங்க எங்களயே போவ சொன்னா நா யாராண்ட போய்க் கேப்பேன்? வார்டு மெம்பருன்னா அவன் வூட்டு வாசல்ல நின்னு கத்தலாம். உங்க குழு வூடு எங்க கீது?"

மந்தைவெளிக்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யோசித்துவிட்டு, அவள் சொன்னதற்கு மெல்லக் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். பிறகு இன்னும் இரண்டு பேர். நித்யாவின் கையும் பாதி உயர்ந்ததைப் பார்த்தேன்.

அப்போது கருணாகரன் எழுந்தார். வட்டத்தைச் சுற்றிப் போய் நீல நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "நான் கடல் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தார். "என் மடியில் கட்டடம் வேண்டாம். மனிதர்கள் தங்களுக்குள் பேரம் பேசி என்னைப் பங்கு போட்டுக்கொள்வதை நான் ஏற்கவில்லை. என் தடுப்பைப் பதிவு செய்கிறேன்." சொல்லிவிட்டுக் கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்தார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. கடலின் தடுப்புக்கு எதிராக மனிதர்கள் வைத்த தடுப்பு செல்லாது, தீர்மானம் நிறைவேறியதாக ஆகும் என்று விதியில் இருப்பதாக நித்யா சன்னமான குரலில் சொன்னாள். அவளுக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

பிலோமினா சண்டை போடவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: "கடலு எப்ப கைய வச்சிச்சி? சார்தானே வச்சாரு?"

நித்யா என் பக்கம் திரும்பி, வாசிக்கலாம் என்று தலையசைத்தாள்.

வழக்கப்படி, கலைவதற்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். பெயர், ஊர், சொன்னது. பிலோமினா பேசியதை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். பிறகு, "கருணாகரன், அடையாறு: நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினார். கட்டடம் வேண்டாம் என்றார்" என்று வாசித்தேன்.

"மேடம், ஒரு திருத்தம்" என்றார் கருணாகரன், மரியாதையாகத்தான். "அது நான் சொன்னது இல்ல. கடல் சொன்னதா எழுதணும்."

"எனக்கு உங்க குரல்தான் சார் கேட்டுது."

"இது ஒரு முறை மேடம். பேச முடியாத ஜீவனுக்காக யாராவது பேசித்தானே ஆகணும்?"

"பேசுங்க சார். ஆனா பேசினது நீங்கன்னு எழுதறேன். பொதுமக்கள்னு ஒரு ஆள் கிடையாதுன்னு நீங்கதான் அன்னிக்கு நிறுத்தினீங்க. அடுத்தவங்க வாயால பேச யாருக்கும் உரிமை இல்லன்னீங்க. அதுலேருந்துதான் இப்படி எழுதறேன்."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாற்காலியின் துணியைச் சரி செய்தார். "அன்னிக்கு நேரம் இருந்துது மேடம்" என்றார் கடைசியில். "இப்ப இல்ல. ஒவ்வொருத்தரையா கேட்டுக்கிட்டிருந்தா கேட்டு முடிக்கறதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. ஓட்டு வாங்கினவங்கதானே இந்தக் கடற்கரையை இப்படி ஆக்கினாங்க?"

"அவங்ககிட்டயாவது அடுத்த தேர்தல்ல கேக்கலாம் சார்" என்றேன். மேற்கொண்டு வாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துக்கம்தான் வந்தது. எத்தனையோ கம்பெனி ஆட்களைப் பார்த்துச் சலித்த எனக்கு, கடைசியில் இவர் இப்படி நிற்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. நித்யா படியிறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் பயன்படுத்தவில்லை. அச்சடித்து எல்லா இடத்துக்கும் அனுப்பிய அறிக்கையில், கடற்கரை மக்களும் கடலும் ஒருமனதாக எடுத்த முடிவு என்று இருந்தது. கூடம் கட்டும் திட்டம் அதனால்தான் நின்றதா, அதிகாரிகள் தட்டிக்கழிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்து இதைப் பிடித்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அது நின்றது என்பது மட்டும் தெரியும். கழிப்பறையும் அதோடு போயிற்று.

திட்டம் நின்ற செய்தி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். அதே பலகை, அதே ஒடிந்த குடை. உதடு காய்ந்திருந்தது பிலோமினாவுக்கு. சங்கரா மீனைச் சீவிக்கொண்டே, "அன்னிக்கு எழுதினியே, எம் பேரு அதுல கீதா?" என்றாள்.

"இருக்கு."

"நா பேசனது?"

"எல்லாமே இருக்கு." நோட்டு என் பையிலேயே கிடந்தது.

"அப்ப படி" என்றாள்.

அந்த வெயிலில், காலி மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தேன். அக்கம்பக்கத்துப் பலகைகளில் கத்தி நின்றது. 'உங்கள் குழுவின் வீடு எங்கே இருக்கிறது' என்ற இடத்தில் பெண்கள் சிரித்தார்கள். வாசித்து முடித்ததும், பழக்கத்தில், என்னை அறியாமல் "வேற யாராவது?" என்று கேட்டுவிட்டேன். யாரும் பேசவில்லை. கேட்டது கேட்டாயிற்று என்று மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கடைசிப் பலகையைப் பார்த்துக் கேட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்த பெண் செதில் ஒட்டிய கையைத் தூக்கினாள். "நா சொல்லணும். எனக்கு அந்த ஷெட்டு வோணாம். வந்திருந்தா மொத எடமெல்லாம் பெரிய வூட்டுக்காரிங்களுக்குப் போயிருக்கும். நானு ரோட்டுக்குத்தான் வந்திருப்பேன். நின்னதே நல்லதுன்றேன்."

பிலோமினாவின் கத்தி பலகையில் குத்திட்டு நின்றது. சட்டென்று எழுந்தாள். இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே போயிருந்தன. அவளே அதைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் பயந்து பேச்சை நிறுத்திவிட்டாள். இவள் சொல்வதை எழுதி யாருக்கு அனுப்புவது, யார் படிப்பார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

பிலோமினா கையைக் கீழே விட்டாள். மறுபடி உட்கார்ந்து மீனை எடுத்துக்கொண்டாள்.

"ஏன்டி நிறுத்திட்ட? சொல்லி முடி" என்றாள். "அதுக்கு முந்தி உன் பேரைச் சொல்லு. ஸ்டெனோம்மா எழுதிக்கினு கீது."